வாய்க்குள் ஆறாத காயம்

பல் துலக்கும்போது வரும் ரத்தத்தைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். உடம்பில் வேறு எந்த இடத்திலாவது தினமும் ரத்தம் கசிந்தால் அப்படிப் போவோமா?

ஊசிபோல மெல்லிய உலோகக் கம்பி அது. நுனி மழுங்கியிருக்கும், மேலே மில்லிமீட்டர் கோடுகள் போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அதை மெதுவாக இறக்கி, எத்தனை கோடு உள்ளே போகிறது என்று எண்ண வேண்டும். ஒரு பல், அடுத்த பல், அதற்கடுத்த பல். 1970-இல் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள் இந்த அளவெடுப்புக்காக வாயைத் திறந்து காட்டினார்கள். அவர்களில் இளையவருக்கு வயது 14. மூத்தவர் முப்பதைத் தொட்டிருந்தார். நார்வேயில் பிறந்த பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் உலகின் மறுகோடியிலிருந்து இந்தத் தோட்டங்களைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம்தான். இங்கிருந்தவர்களுக்குப் பல் துலக்கும் பழக்கம் இல்லை. பல் மருத்துவரிடம் போன அனுபவமும் இல்லை. மனித வாயை அப்படியே விட்டுவிட்டால் காலப்போக்கில் என்ன ஆகும் என்பதற்கு விடை இங்கேதான் கிடைக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அதன்பின் 15 ஆண்டுகள், 1985 வரை, அதே மனிதர்களை அவர்கள் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். 1986-இல் முடிவு வெளியானது. இவர்கள் வாயில் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் 100 பேரில் 8 பேருக்கு ஈறுநோய் காட்டுத்தீபோலப் பரவியது. 35 வயதில் அவர்கள் சராசரியாக 12 பற்களை இழந்திருந்தார்கள். 40 வயதில் 20 பற்கள். 45 வயதில் வாயில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. 81 பேருக்கு நோய் நிதானமாக நகர்ந்து, 45 வயதுக்குள் சராசரியாக 7 பற்களைக் கொண்டுபோனது. மீதி 11 பேருக்கு ஈறு சிவந்ததோடு சரி; பல்லைத் தாங்கும் எலும்புவரை நோய் இறங்கவில்லை. ஈறுநோயைப் பற்றி இன்று உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அடிப்படைப் பாடங்களில் ஒன்று இந்த 8, 81, 11 என்ற கணக்கு. தமிழகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு அந்த மலைகளில் தேயிலை வளர்த்தவர்களின் வம்சம் பெரும்பான்மையாக வாழும் தோட்டங்களிலிருந்து அது கிடைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தார்களே, அந்த மனிதர்களுக்குப் பதிலுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை இன்றைய ஆய்வு நெறிகள் தெரிந்த எவரும் எழுப்புவார்கள், எழுப்பவும் வேண்டும்.

இந்தக் கணக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பல் சுத்தம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வெண்மை, வாய் நாற்றம், சொத்தை, வலி. ஈறு நினைவுக்கு வருவதில்லை. வலிக்காது என்பதால் அதை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. ஆனால் வாய்ச் சுத்தத்துக்கும் மொத்த உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் ஈறு வழியாகத்தான் ஓடுகிறது. ஈறுநோய் முற்றியவரின் பற்களைச் சுற்றி வெந்து சிதைந்திருக்கும் பரப்பை விரித்து வைத்தால், 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர்வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய புண் காலில் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனையில் நிற்போம். வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்கில் சுமந்து திரிகிறோம். அந்தக் காயத்துக்குத் தினமும் போடும் மருந்துதான் பல் துலக்குவது. இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவே.

மூன்று வாரச் சோதனை

அதே ஹரால்ட் லோ, தேயிலைத் தோட்டங்களுக்கு வருவதற்கு முன், டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஒரு சோதனை நடத்தியிருந்தார். ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. 1965-இல் வெளிவந்த இந்த ஆய்வுக்கு முன், ஈறுநோய்க்குச் சத்துக் குறைவு, வயது, பரம்பரை என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல்லின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈறு அழற்சியைக் கிளப்புகிறது, அதைத் துடைத்து எடுத்தால் அழற்சி அடங்குகிறது என்பது இதன் பிறகுதான் ஐயமின்றி நிலைபெற்றது.

நாக்கால் தடவினால் வழவழவென்று தட்டுப்படுகிறதே, அதுதான் அந்தப் படலம். மனித வாயில் சுமார் 700 வகை நுண்ணுயிர்கள் கண்டறியப்பட்டுள்ளன; ஒருவர் வாயில் அவற்றில் ஒரு பகுதி குடியிருக்கும். பெரும்பாலானவை தீங்கில்லாதவை, சில நமக்கு உதவுபவைகூட. துலக்கி முடித்த சில மணி நேரத்திலேயே அவை மீண்டும் பல்லில் ஒட்டத் தொடங்கும். ஓரிரு நாள் கலைக்காமல் விட்டால் அடுக்கடுக்காகக் கெட்டிப்பட்டு, காற்றுப் புகாத ஆழத்தில் வேறு வகைக் கிருமிகள் பெருகும். பிறகு உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து, படலம் கல்லாக இறுகிக் காரையாகும். காரை கட்டிய பிறகு பிரஷ் அதை அசைக்காது. பல் மருத்துவரின் கருவிதான் எடுக்க வேண்டும். படலத்தை அது மென்மையாக இருக்கும்போதே, அதாவது தினமும், கலைத்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

சொத்தையின் கதை வேறு. அங்கே எதிரி அமிலம். நாம் சாப்பிடும் சர்க்கரையைப் படலத்தில் உள்ள கிருமிகள் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பில் கார அமில அளவு 5.5-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. பற்சிப்பி கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது பிடிக்கும். ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதைப்போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு துண்டு மைசூர்பாகு சாப்பிடுகிறவரைவிட, காலையிலிருந்து மாலைவரை ஐந்து தடவை சர்க்கரை போட்ட டீ குடித்து, இடையிடையே பிஸ்கட் கடிக்கிறவரின் பல்தான் அதிக நேரம் அமிலத்தில் ஊறுகிறது.

■ பெட்டிச் செய்தி: உலகக் கணக்கு
உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதாவதொரு வாய்நோய் இருக்கிறது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி இது. சிகிச்சை செய்யப்படாத சொத்தைப் பல் சுமார் 200 கோடிப் பேருக்கு. முற்றிய ஈறுநோய் சுமார் 100 கோடிப் பேருக்கு. பாதிக்கப்பட்டோரில் நான்கில் மூவர் வாழ்வது நடுத்தர வருமான நாடுகளில்.

சர்க்கரை நோயும் ஈறும்: இருவழிப் பாதை

இந்தப் பிரச்சினை நம் வீட்டு வாசலுக்கே வருவது இங்கேதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். இவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கால் புண்ணைப் பற்றித் தெரியும். கண்ணைப் பரிசோதிக்க வேண்டும், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஈறைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. 1993-இல் ஹரால்ட் லோ எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே ஈறுநோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று குறித்தார். கண், சிறுநீரகம், நரம்பு என்ற பழைய பட்டியலில் வாயையும் சேர்க்கச் சொன்னார். முப்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. நம் மருந்துச் சீட்டுகளில் அது இன்னும் இடம்பிடிக்கவில்லை.

ஒரு திசையில் பாதிப்பு இப்படிப் போகிறது. ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் உயர்ந்திருந்தால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலைத்திறன் குறையும். ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடும். புண் ஆறுவது தாமதமாகும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவருக்கு முற்றிய ஈறுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. மறு திசையில், ஈறில் கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி சில வேதிப்பொருள்களை ரத்தத்தில் கசியவிடுகிறது. இன்சுலின் உடலெங்கும் தன் வேலையைச் செய்வதற்கு அவை தடையாகின்றன. மாத்திரையைத் தவறாமல் போட்டும், சோற்றைக் குறைத்தும், நடந்தும் சர்க்கரை இறங்கவில்லையே என்று தவிக்கும் ஒருவரின் வாயையும் மருத்துவர் ஒரு தடவை பார்ப்பது நியாயம்.

இது வெறும் ஊகம் அல்ல. ஈறுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்து 2022-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கையில், சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 புள்ளி குறைந்திருந்தது. பார்க்கச் சிறிய எண். ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் சில வேளை கிடைக்கும் பலனுக்கு அது பக்கத்தில் வருகிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. காரை எடுப்பது மருந்துக்கு மாற்று அல்ல, மருந்து வேலை செய்ய வழிவிடுவது. காரை எடுத்த கையோடு தினசரித் துலக்கல் ஒழுங்காகாவிட்டால், சில மாதங்களில் அந்தப் பலனும் கரைந்துபோகும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அப்படி வரும் பணியாளர், “பல் தேய்க்கும்போது ரத்தம் வருதாம்மா? ஏதாவது பல் ஆடுதா?” என்று இரண்டே கேள்விகள் கேட்டு, ஆம் என்றால் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். செலவு பெரிதில்லை. இதைச் செய்தே ஆக வேண்டும்.

படுக்கையில் இருப்பவரின் வாய்

வாய்ச் சுத்தம் உயிரையே காக்கும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று முதியோரிடமிருந்து வருகிறது. அது அதிகம் பேசப்படாதது வருத்தத்துக்குரியது. 1999-இல் ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் செவிலியர் வாயைச் சுத்தம் செய்துவிட்டார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல இருந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், சுத்தம் செய்யப்படாதவர்களில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா வந்திருந்தது. சுத்தம் செய்யப்பட்டவர்களில் அது 11 பேராகக் குறைந்தது.

காரணம் எளிது. வயதானவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். சோறும் தண்ணீரும் மட்டுமல்ல, தூக்கத்தில் ஊறும் எச்சிலும் சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். புரையேறினால் இருமி வெளியே தள்ளும் வலுவும் அவர்களுக்கு இருக்காது. அந்த எச்சிலில் எத்தனை கிருமி இருக்கிறது என்பதை முடிவுசெய்வது வாயின் சுத்தம். நம் வீடுகளில் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு உடம்பு துடைத்துவிடுகிறோம், துணி மாற்றுகிறோம், வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டுகிறோம். அவ்வளவு பாசத்திலும் வாய் விட்டுப்போகிறது. சாப்பிட மறுக்கிறார், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று சொல்லப்படும் எத்தனையோ பேருக்கு உள்ளே புண் இருக்கலாம். அவரைத் தலை உயர்த்திச் சாய்த்து உட்காரவைத்து, மிருதுவான சிறிய பிரஷ்ஷால் பல்லையும், ஈரத் துணி சுற்றிய விரலால் ஈறையும் நாக்கையும் மெதுவாகத் துடைத்துவிடலாம். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

பல் போனவருக்கு வேறொரு இழப்பும் உண்டு. கீரைத்தண்டு, முருங்கைக்காய், சுண்டல், கொய்யா, வேர்க்கடலை, கறி என்று கடிக்க வேண்டியவை ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகும். குழைந்த சோறும் ரசமும், பாலில் ஊறிய ரொட்டியும் மிஞ்சும். நாரும் புரதமும் குறைந்து மாவுச்சத்து கூடும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொன்னவர்கள் பல் உள்ள வாயைத்தான் நினைத்திருப்பார்கள்.

■ பெட்டிச் செய்தி: எண்பதில் இருபது
ஜப்பான் 1989-இல் ‘8020’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 80 வயதிலும் சொந்தப் பற்கள் 20 இருக்க வேண்டும் என்பது இலக்கு. 20 பல் இருந்தால் பெரும்பாலான உணவுகளை மென்று தின்ன முடியும் என்பதே இதன் அடிப்படை. தொடக்கத்தில் பத்தில் ஒருவர்கூட இந்த இலக்கை எட்டவில்லை. 2016-இல் எடுத்த கணக்கில் பாதிப் பேர் எட்டியிருந்தார்கள்.

இதயம்: எதுவரை சொல்லலாம்?

பல் துலக்கினால் மாரடைப்பு வராது என்ற ரீதியில் வாட்ஸ்அப்பில் செய்திகள் சுற்றுகின்றன. அவ்வளவு தூரம் போக ஆதாரம் இல்லை. 1989-இல் பின்லாந்தில், மாரடைப்பு வந்த 100 பேரின் பல் நிலை, வராதவர்களுடையதைவிட மோசமாக இருந்தது என்று ஓர் ஆய்வு காட்டியதிலிருந்து இந்தப் பேச்சு வலுப்பெற்றது. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே தொடர்பைக் கண்டன. ஆனால் புகைபிடிப்பதும் வறுமையும் சர்க்கரை நோயும் ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது: தொடர்பு உண்டு, ஈறுநோய்தான் காரணம் என்றோ, ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்றோ நிறுவப்படவில்லை. குறைப்பிரசவ விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. கர்ப்பிணிகளுக்கு ஈறு சிகிச்சை அளித்தால் குறைப்பிரசவம் குறையுமா என்று அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட சோதனையில், குறையவில்லை. கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சை பாதுகாப்பானது என்பது அதில் உறுதியானது. அதுவே பயனுள்ள சேதி. மறதி நோய்க்கும் ஈறுக் கிருமிக்கும் முடிச்சுப் போடும் செய்திகளையும் இப்போதைக்குத் தள்ளியே வைக்கலாம்.

ஐயத்துக்கு இடமில்லாத ஓர் இடம் இதயத்திலும் உண்டு. முடக்குக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்தவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள் ஆகியோருக்கு வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமிகள் வால்வில் குடியேறி உள்ளுறையைப் புண்ணாக்கலாம். உயிருக்கே உலைவைக்கும் நோய் அது. கவனிக்க வேண்டியது, பல் பிடுங்கும்போது மட்டும் கிருமி ரத்தத்தில் கலப்பதில்லை. ஈறு வீங்கியிருப்பவருக்கு மெல்லும்போதும் துலக்கும்போதும் தினமும் அது நடக்கிறது. என்றைக்கோ ஒருநாள் போடும் ஆன்டிபயாட்டிக்கைவிட அன்றாடச் சுத்தமே இவர்களுக்குப் பெரிய காப்பு.

சொத்தைப் பல்லும் உயிருக்கு ஆபத்தாகலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேரில் கட்டும் சீழ் தாடைக்கு அடியில் பரவி, கழுத்து வீங்கி, நாக்கு மேலெழும்பி மூச்சையே அடைக்கும் நிலை ஒன்று உண்டு. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன் இதற்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இன்றும் அவசரப் பிரிவில் சேர்க்க வேண்டிய நோய் அது. பல் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, வலி நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வலி நின்றது நரம்பு செத்ததாலும் இருக்கலாம். அப்போது சீழ் சத்தமில்லாமல் பரவும்.

தாத்தா பல் தேய்க்கவே இல்லையே!

மறுப்புகள் உண்டு, எல்லாமே அலட்சியத்தில் பிறந்தவை அல்ல. முதலாவது, நாம் எல்லோரும் கேட்டது. எங்கள் ஊர்ப் பெரியவர் பிரஷ்ஷையே தொட்டதில்லை, எண்பது வயதில் கரும்பு கடித்தார். உண்மையாகவே இருக்கலாம். தேயிலைத் தோட்டக் கணக்கில் 100-க்கு 11 பேர் அப்படிப்பட்டவர்கள்தாமே. நினைவில் நிற்பவர் அந்தப் பதினொன்றில் ஒருவர். பொக்கைவாயோடு போன மற்ற பெரியவர்களை நாம் சான்றாகச் சொல்வதில்லை. நீங்கள் எட்டில் ஒருவரா, பதினொன்றில் ஒருவரா என்பது இருபது வயதில் யாருக்கும் தெரியாது. தெரிய வரும்போது எலும்பு போயிருக்கும். போன எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. தோட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்களில் 75 பேரை 2010-இல், 40 ஆண்டு கழித்து, மறுபடி பரிசோதித்தார்கள். ஒரு பல்கூட இழக்காதவரும் அதில் இருந்தார், 28 பல் இழந்தவரும் இருந்தார். சராசரி இழப்பு சுமார் 13 பற்கள்.

ஆலும் வேலும் போதாதா என்பது அடுத்தது. பழமொழியில் வரும் வேல் என்பது கருவேல மரம். வேம்பு என்று பலர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். குச்சியை மென்று நாராக்கிப் பொறுமையாகத் தேய்த்தால் படலம் நீங்கும். பழித்துப் பேச வேண்டிய முறை அல்ல அது. ஆனால் குச்சி பல்லின் உட்புறத்துக்கும் கடைவாய்க்கும் எளிதில் எட்டாது, சொத்தையைத் தடுக்கும் புளூரைடு அதில் கிடையாது. அடுப்புக்கரி, செங்கல் தூள், சாம்பல், பொடி உப்பு ஆகியவற்றைப் பற்றி இப்படி மிதமாகச் சொல்ல முடியாது. சொரசொரப்பான துகள்கள் பற்சிப்பியை அரைத்து, ஈறோரத்தில் பள்ளம் போட்டு, பல் கூச்சத்தில் கொண்டுபோய் விடும். புகையிலை கலந்த பற்பொடியை இந்திய அரசு 1992-லேயே தடைசெய்துவிட்டது. அதையோ வேறு புகையிலையையோ ஈறில் அடக்குபவருக்கு வாய்ப் புற்றுநோயே காத்திருக்கிறது. புகைபிடிப்பவருக்கு இன்னொரு சேதி. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அவர் ஈறில் ரத்தம் அதிகம் கசியாது. ரத்தம் வரவில்லை என்பதை வைத்து அவர் நிம்மதி கொள்ள முடியாது.

காரை எடுத்தால் பல் ஆடும் என்ற பயம்தான் நம் ஊரில் அதிகம் பேரை மருத்துவரிடமிருந்து விலக்கி வைக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்த பற்களைக் காரை சிமென்ட் போலச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உள்ள தளர்ச்சி வெளியே தெரிகிறது; இடைவெளியும் கூச்சமும் சில நாள் இருக்கும். ஆட்டம் கண்டது காரையால், அதை எடுத்ததால் அல்ல. மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும் என்பதற்கு இந்த அளவு காரணம்கூட இல்லை. கண் பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பு கிடையாது.

பேஸ்ட் கம்பெனிகளின் வியாபாரத்துக்காகச் சொல்லப்படுவதல்லவா இதெல்லாம் என்ற சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க வளைந்து நெளியும் பேஸ்ட் தேவையே இல்லை. பெரியவருக்கும் பட்டாணி அளவு போதும். நுரையும் காரமும் மணமும் சுத்தத்தின் அடையாளங்கள் அல்ல. படலத்தை எடுப்பது பிரஷ்ஷின் நார். சொத்தையைத் தடுப்பது புளூரைடு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் புளூரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்தது. மூலிகைப் பெயர் தாங்கிவரும் பல பேஸ்ட்களில் புளூரைடு இல்லை. அட்டையைப் படித்து வாங்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் இதைப் படித்து முகம் சுளிக்கக்கூடும். நிலத்தடி நீரில் மிகுந்த புளூரைடால் அங்கே பல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறைபட்ட தலைமுறைகள் இருக்கின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். கேடு விளைவித்தது பல் முளைக்கும் வயதில் வருடக்கணக்கில் விழுங்கிய நீர். துலக்கித் துப்பும் பேஸ்ட் வேறு. ஆயினும் அங்குள்ள சிறு குழந்தைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது இரட்டிப்பு அவசியம்.

■ பெட்டிச் செய்தி: துலக்கும் முறை
மிருதுவான பிரஷ். நார்கள் ஈறோரத்தைத் தொடும்படி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல், இரண்டு நிமிடம். உட்புறமும் கடைசிப் பல்லின் பின்புறமும் விட்டுப்போகும் இடங்கள். மூன்று வயதுக்குக் கீழ் அரிசி மணி அளவு பேஸ்ட். மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு. முடித்ததும் துப்பினால் போதும். நாலைந்து முறை கொப்பளித்தால் புளூரைடு போய்விடும். எலுமிச்சைச் சாறு போலப் புளிப்பாக எதுவும் குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத் துலக்கவும். பல்லிடுக்கில் பிரஷ் எட்டாது. அதற்கென உள்ள சிறு பிரஷ்ஷோ நூலோ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது நார் விரிந்ததும், பிரஷ்ஷை மாற்றவும். ஈறில் ரத்தம் வருகிறதே என்று துலக்காமல் விடுவது தவறு. இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கவும்.

ராத்திரித் துலக்கல்

காலையில் பல் துலக்காமல் காபி குடிப்பதை அசுத்தம் என்று நினைக்கும் நாம், இரவில் துலக்காமல் படுப்பதை இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். நம் மரபில் பல் துலக்குவது விடியலின் சடங்கு. குளியலோடும் கும்பிடுவதோடும் சேர்ந்தது. உடலின் கணக்கு வேறு. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பகலில் அமிலத்தை நீர்க்கச் செய்வது, கரைந்த தாதுக்களைப் பல்லுக்குத் திருப்பித் தருவது, கிருமிகளைக் கழுவி விழுங்க வைப்பது எல்லாம் உமிழ்நீர்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டு அப்படியே படுத்தால், ஆறேழு மணி நேரம் காவலில்லாத வீட்டில் கிருமிகள் விருந்து சாப்பிடுகின்றன. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கிப் பழகிய குழந்தையின் முன்பற்கள் கறுத்துப்போவதும் இதனால்தான். ஒரு நாளில் ஒரு தடவைதான் துலக்க முடியும் என்ற நிலை வந்தால், இரவைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. இரண்டு தடவை முடியும். காலையை விட்டுக்கொடுக்க யாரும் கேட்கவில்லை.

பழக்கம் யார் கையில்?

இவ்வளவையும் படித்தவர் துலக்குவார், படிக்காதவர் என்ன செய்வார் என்பது கடைசியாக எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. அறிவுரை சொல்வதால் பழக்கம் வந்துவிடாது. பாதுகாப்பான குழாய் நீர் இல்லாத வீடு, ஒரே பிரஷ்ஷைப் பலர் பகிரும் குடும்பம், விடியலுக்கு முன் வேலைக்கு ஓடும் தாய் என்று எத்தனையோ தடைகள். பல் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. அதனால் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றக்கூடிய பல்லை, கையில் பணமில்லாதவர் பிடுங்கிவிடச் சொல்கிறார். பல் வரிசையில் தெரியும் ஓட்டை பல நேரம் வருமானத்தின் அளவுகோல். அதைத் தனிமனித ஒழுக்கக் குறைவாகப் பேசுவது நியாயமில்லை.

ஸ்காட்லாந்து இதற்கொரு வழி கண்டது. மழலையர் பள்ளிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் குழந்தைகள் தினமும் ஒருமுறை புளூரைடு பேஸ்ட் கொண்டு பல் துலக்க ஏற்பாடு செய்தது அந்நாடு. 2003-இல் அங்கே முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளில் 100-க்கு 45 பேருக்குத்தான் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாமல் இருந்தது. 2020-இல் அது 73-ஐத் தாண்டியது. இந்தத் திட்டத்தோடு பிற மாற்றங்களுக்கும் அதில் பங்கிருக்கலாம். ஆனால் வசதியற்ற பகுதிக் குழந்தைகளையும் விட்டுவிடாமல் எட்டியது என்பதில்தான் அதன் பெருமை. பழக்கத்தைப் பெற்றோரின் வசதிக்கு விடாமல், குழந்தை எப்படியும் வரும் இடத்தில் வைத்தார்கள்.

அப்படிப்பட்ட இடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். சாப்பிட்ட கை கழுவ எல்லோரும் குழாயடிக்குத்தான் போகிறார்கள். அங்கே சுவரில் ஒரு நீளப் பலகை, அதில் இடைவெளி விட்டுத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு பெயர், அதில் மாட்டிய சின்ன பிரஷ். ஆசிரியர் கையில் ஒரே ஒரு பேஸ்ட் குழாய். இரண்டு நிமிடம் ஆனதும் எல்லோரும் சேர்ந்து துப்புவார்கள், மணி அடிக்கும், வகுப்பு தொடங்கும்.